மான் திடலுக்கு இலையுதிர் கால விதைப்பு: எப்போது விதைப்பது, நிலத்தை எப்படித் தயார் செய்வது?

ஓசார்க் வாசி | ஜூன் 6

எல்லோருக்கும் வணக்கம். மிசோரியின் தென்பகுதியில், ஓசார்க் மேட்டில் 12 ஏக்கர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பாதி ஓக் காடு. மீதி பழைய மாட்டு மேய்ச்சல் நிலம், முழுக்க ஃபெஸ்க்யூ புல். காட்டோரமாக அரை ஏக்கரை, நம் கணக்கில் 50 செண்ட், மான் திடலாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். வெள்ளைவால் மான்களுக்கும் காட்டு வான்கோழிகளுக்கும் குளிர்காலத்தில் தீனி கிடைக்கட்டும் என்று போன வருடம் முதல்முறையாக விதைத்தேன். நவம்பரில் வேட்டைக்கும் போவேன். ஆனால் வருடம் முழுக்க அந்த நிலத்தில் நடமாடும் உயிர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிது.

போன வருடம் செய்தது இதுதான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. புல்லை வெட்டினேன், வாடகைக்கு ஒரு டில்லர் எடுத்து ஒரு முறை ஓட்டினேன், கடையில் வாங்கிய ‘மான் கலவை’ விதையைக் கையால் தூவினேன், மரக்கிளையை இழுத்து மூடினேன். அதன்பின் மூன்று வாரம் மழை இல்லை. அக்டோபரில் பார்த்தால் ஃபெஸ்க்யூ பழையபடி நிற்கிறது, நடுவில் ஏதோ மெல்லிய புல். குளோவர் (மூவிலைத் தீவனச் செடி) ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் சரியாகச் செய்ய வேண்டும். ஒருவர் ஜூலை என்கிறார், ஒருவர் ஆகஸ்ட் 15 என்கிறார், இன்னொருவர் செப்டம்பர் கடைசி என்கிறார். எது சரி?

---

செம்மண் | ஜூன் 6

தம்பி, ஜார்ஜியாவில் 18 வருடமாக இதைச் செய்கிறேன். தேதியைக் கடைசியில் பேசலாம். மண்ணைப் பரிசோதித்தீர்களா?

ஓசார்க் மண் கல்லும் அமிலமுமாக இருக்கும். எங்கள் செம்மண்ணும் அப்படித்தான். கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே போனால் குளோவர் திணறும், அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா சரியாக வேலை செய்யாது. நீங்கள் போடும் மணிச்சத்தையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொடுக்காது. நல்ல விதை, நல்ல மழை, சரியான தேதி எல்லாம் அமைந்தும் பயிர் மஞ்சளாக நின்ற திடல்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் குறை மண்ணில் இருந்தது.

இந்த வாரமே உங்கள் மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்குப் போங்கள். மிசோரி பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் எல்லா மாவட்டத்துக்கும் உண்டு. அரை ஏக்கரில் 12 முதல் 15 இடத்தில், மேலிருந்து 6 அங்குல ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதில் இரண்டு கைப்பிடி கொடுத்தால் போதும். துத்தநாக வாளி வேண்டாம், நுண்ணூட்ட அளவைக் கெடுத்துவிடும். எந்தப் பயிருக்கு என்று படிவத்தில் எழுதுங்கள். ஒரு மூட்டை விதை விலைகூட ஆகாது.

இதை ஜூனில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்ய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். விதைக்கிற அன்று சுண்ணாம்பு தூவினால் அது அடுத்த வருடப் பயிருக்குத்தான்.

---

ஏரிக்கரை | ஜூன் 7

நான் மிச்சிகன், அதன் கீழ்த் தீபகற்பம். தேதிக் குழப்பம் ஏன் வருகிறது என்றால் ஆளாளுக்கு வேறு வேறு பயிரை, வேறு வேறு ஊரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

எனக்கு இது நம் மாதங்களை வைத்துத்தான் மனதில் நிற்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று அப்பா சொல்வார். இங்கே எங்களுக்கு டர்னிப், தீவன முள்ளங்கி, ரேப் மாதிரி கடுகு இனப் பயிர்களுக்கு அதே ஆடிதான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் பத்து நாளுக்குள். உங்கள் மிசோரியில் ஓட்ஸ், கோதுமை, குளோவருக்கு ஆவணி. ஜார்ஜியா, கிழக்கு டெக்சாஸ் பக்கம் புரட்டாசி. வடக்கிலிருந்து தெற்கே போகப் போகப் பட்டம் ஒரு மாதம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

---

செம்மண் | ஜூன் 7

ஏரிக்கரை அம்மா, இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நானும் என் பேத்திக்கு இப்படியே சொல்லித்தரப் போகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நம் ஊரில் பட்டம் மழையைப் பின்தொடர்ந்து வருகிறது. இங்கே உறைபனியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் ஊரின் சராசரி முதல் உறைபனி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு இனத்துக்கு அதற்கு முன் 60 முதல் 90 நாள் வேண்டும், ஏனென்றால் கிழங்கும் இலையும் பெருக்க வேண்டும். ஓட்ஸுக்கு 45 முதல் 60 நாள். குளோவருக்கும் ஆறு வாரமாவது, வேர் பிடிக்காமல் குளிர் வந்தால் மண் உறைந்து உப்பும்போது நாற்றை வெளியே தள்ளிவிடும். ரை தானியம் மட்டும் பொறுமைசாலி, மற்றதெல்லாம் தவறிப்போனால் செப்டம்பர் கடைசியில்கூடத் தூவலாம்.

தம்பி, உங்கள் பக்கம் முதல் உறைபனி அக்டோபர் நடுவில் வரும் என்று வைத்தால், ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை உங்கள் விதைப்புக் காலம். அந்தக் காலத்துக்குள் எந்த நாள் என்பதை மழை சொல்லும்.

---

பைன்காடு | ஜூன் 8

கிழக்கு டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் சீக்கிரம் விதைப்பவர்கள் படும் பாடு ஒன்று உண்டு: படைப்புழு.

செப்டம்பர் முதல் வாரம் மழை பெய்ததே என்று ஓட்ஸும் கோதுமையும் போட்டேன். பச்சைப் பசேலென்று மூன்று அங்குலம் வந்தது. வியாழன் மாலை பார்த்தேன், திங்கள் காலை வெறும் மண். முதலில் மான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் புழு. அது 2021, நாடு முழுக்கப் பல மாநிலங்களில் படைப்புழு பெருகிய வருடம்.

இப்போது நான் அக்டோபர் முதல் வாரத்துக்கு முன் விதையைத் தொடுவதில்லை. நடுவில் தானியத்தை விதைக்கலாமா என்ற ஆசை வந்தால் அடக்கிக்கொள்கிறேன்.

---

செம்மண் | ஜூன் 8

பைன்காடு சொல்வது அப்படியே உண்மை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புழுவைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018-இல் இந்தியாவுக்குள் வந்து, மக்காச்சோளத்தை அழித்ததே, அதே புழுதான். பெரம்பலூரில் என் அண்ணன் மகன் குருத்துக்குள் கையை விட்டுப் புழு பொறுக்கியதைப் போனில் பார்த்தேன். தலையில் தலைகீழ் ‘ஒய்’ போல வெள்ளைக் கோடு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

இங்கே அது கடுங்குளிரைத் தாங்காது. ஒவ்வொரு வருடமும் ஃபுளோரிடா, டெக்சாஸின் தெற்குக் கோடியிலிருந்து அந்துப்பூச்சியாகப் பறந்து வடக்கே ஏறி வரும். அதனால்தான் ஆகஸ்ட், செப்டம்பரில் தொல்லை அதிகம். முளைத்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதிகாலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள், வெயில் நேரத்தில் அவை ஒளிந்துகொள்ளும். ஒரு சதுர அடிக்கு மூன்று புழுவுக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

---

கௌதாரி | ஜூன் 9

நான் வேட்டைக்காரன் இல்லை, பறவை பார்ப்பவன். கன்சாஸில் இருக்கிறேன். ஓசார்க் வாசி, நிலத்தின் மேல் உங்களுக்கு உள்ள அக்கறையைப் படித்து மகிழ்ச்சி. அதனால் ஒரு வேண்டுகோள்.

புல்லை இப்போதே வெட்டிவிடாதீர்கள். மே முதல் ஜூலை நடு வரை பாப்வைட் காடைகளும் மெடோலார்க்குகளும் தரையில் கூடு கட்டி, அடைகாத்துக்கொண்டிருக்கும். வான்கோழிக் குஞ்சுகள் பூச்சி தேடி அதே புல்லுக்குள் நடக்கும். ஜூலை 15-க்குப் பிறகு வெட்டுங்கள், அதுவும் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி, மெதுவாக. உள்ளே இருப்பவை வெளியே ஓட வழி கிடைக்கும்.

திடலுக்கும் காட்டுக்கும் நடுவே 20, 30 அடி அகலத்துக்கு விதைக்காமல் விடுங்கள். கருப்பு ராஸ்பெரி, சுமாக், காட்டுப் பிளம் தானாக வரும். எனக்கு அந்த ஓரம்தான் திடலைவிட முக்கியம். மான் வெட்டவெளிக்கு வருவதற்கு முன் அங்கேதான் நின்று பார்க்கும். காடைக்கு ஒளிய இடம் அதுதான்.

இன்னொன்று, சட்டம். மிசோரியில் மானுக்கும் வான்கோழிக்கும் தானியத்தைக் கொட்டி வைத்து அங்கே வேட்டையாடுவது குற்றம். கொட்டியதை முழுக்க அகற்றிய பின்னும் பத்து நாள் அந்த இடம் தீனி காட்டி இழுத்த இடமாகவே கருதப்படும். மண்ணில் விதைத்து வளர்ந்த பயிர் அதில் சேராது. ஆனால் புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசு விதிகள் தனி. கோதுமையை மண்ணின் மேல் தூவிவிட்டு அங்கே புறா சுடப் போனால், அது அந்த வட்டார வேளாண் பரிந்துரைப்படி, உரிய காலத்தில், உரிய அளவில் தூவியதா என்று பார்ப்பார்கள். விதைக்கும் முன் மாநில வனவிலங்குத் துறையின் இந்த வருட விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

---

ஓசார்க் வாசி | ஜூன் 29

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புல்லை வெட்டவில்லை. மண் அறிக்கை வந்துவிட்டது: கார அமில நிலை 5.2. மணிச்சத்து மிகக் குறைவு, சாம்பல்சத்து நடுத்தரம். ஏக்கருக்குச் சுமார் 2 டன் சுண்ணாம்பு தேவை.

போன வருடக் குளோவர் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் விதைப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லையே. இந்த வருடத்தை விட்டுவிடலாமா?

---

செம்மண் | ஜூன் 29

விட வேண்டாம் தம்பி. இன்றைக்கே சுண்ணாம்பு போடுங்கள். இரண்டு மாதத்தில் ஓரளவு ஏறும், மாவாக அரைத்த சுண்ணாம்பு என்றால் இன்னும் சீக்கிரம். 5.2-ஐத் தாங்கும் பயிர்களை இந்த வருடம் முன்னால் நிறுத்துங்கள். ரை தானியமும் ஓட்ஸும் அமிலத்தைப் பொறுத்துக்கொள்ளும், கோதுமை அதற்கு அடுத்தபடி. குளோவரில் கிரிம்சனை மட்டும் கொஞ்சம் சேருங்கள். வெள்ளை லடினோவை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரை ஏக்கருக்கு ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு. 40 பவுண்டு பையில் வாங்கினால் 50 பை. முதுகு ஒடியும், செலவும் கூடும். பாதை அகலமாக இருந்தால் வயல் சுண்ணாம்பை லாரியில் கொட்டச் சொல்லுங்கள், டன் விலை பல மடங்கு குறைவு. லாரி நுழையாது என்றால் வேறு வழியில்லை, பைதான்.

அடுத்தது ஃபெஸ்க்யூ. அது வேரோடு சாகாமல் நீங்கள் என்ன விதைத்தாலும் போன வருடக் கதைதான். ஜூலை 15-க்குப் பிறகு, கௌதாரி சொன்னபடி வெட்டுங்கள். மழையில் ஆறு எட்டு அங்குலம் துளிர்க்க விடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம், புல் பச்சையாக வளரும்போது கிளைஃபோசேட் களைக்கொல்லி அடியுங்கள். வெயிலில் காய்ந்து உறங்கும் புல்லுக்கு அடித்தால் மருந்து வேருக்குப் போகாது, பணம்தான் போகும். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப முளைப்பதற்கு இன்னொரு முறை. புட்டியில் எழுதியிருக்கும் அளவையும் பாதுகாப்பையும் அப்படியே கடைப்பிடியுங்கள்.

---

ஏரிக்கரை | ஜூன் 30

ஐயா, உழ வேண்டுமா வேண்டாமா என்று தம்பி கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். நம் தாத்தா காலத்து ‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்பது இந்த நிலத்துக்குப் பொருந்தாது. கல் நிறைந்த சரிவில் ஆழமாக டில்லர் ஓட்டினால் மண் அடித்துக்கொண்டு போகும், அடியில் இருக்கும் ஈரம் ஆவியாகும், பல வருடமாகப் புதைந்து கிடக்கும் களை விதையெல்லாம் வெளிச்சம் கண்டு முளைக்கும்.

நான் ஏழு வருடமாக உழுவதில்லை. களைக்கொல்லி அடித்த புல் நிற்கும்போதே அதன் நடுவில் விதையைத் தூவிவிடுவேன். அப்புறம் அதன்மேல் புல்லை வெட்டிச் சாய்த்துவிடுவேன். அந்தச் சருகு மூடாக்கு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

---

செம்மண் | ஜூலை 1

அம்மா சொல்வது சின்ன விதைக்கு மிகச் சரி. குளோவர், டர்னிப் எல்லாம் கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வெளியே வரத் தெம்பிருக்காது. கோதுமையும் ஓட்ஸும் ஓர் அங்குலம் மண்ணுக்குள் போனால் நன்றாக வரும். அதனால் தூவி மூடும் முறையில் தானிய விதையை நான் கால் பங்கு கூட்டிப் போடுவேன்.

நான் இன்னும் லேசாக உழுகிறேன், இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. சுண்ணாம்பை மண்ணோடு கலக்க இந்த ஒரு வருடம் தம்பியும் அப்படிச் செய்யலாம், அடுத்த வருடத்திலிருந்து உழவை நிறுத்தலாம். ஆனால் உழுதால் பரம்படிப்பதை மறக்கக்கூடாது. முதலில் தானியத்தைத் தூவி லேசாக மூடுங்கள். அப்புறம் உருளை ஓட்டி மண்ணை இறுக்குங்கள். கால் வைத்தால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. அதன்மேல் குளோவர் விதை, திரும்ப ஒரு முறை உருளை. உருளை இல்லையென்றால் நாற்சக்கர வண்டியின் டயராலேயே ஓட்டி மிதியுங்கள், மெதுவாக, ஓர் அங்குலம்கூட விடாமல். விதையும் மண்ணும் ஒட்டிக்கொண்டால்தான் ஈரம் விதைக்குள் போகும். போன வருடம் பொலபொலவென்று இருந்த மண்ணில் உங்கள் விதை தொங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் வெயிலில் காய்ந்தது.

---

பைன்காடு | ஜூலை 2

விதைப் பையின் பின்னால் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள் அண்ணா. எந்த விதை எத்தனை சதவீதம், முளைப்புத் திறன் எவ்வளவு, எந்த மாதம் சோதித்தார்கள் என்று எழுதியே தீர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சொன்ன ‘மெல்லிய புல்’ ரை புல்லாகத்தான் இருக்கும். ரை தானியமும் ரை புல்லும் வேறு வேறு. புல் விதை மலிவு, சீக்கிரம் பச்சையாகத் தெரியும், அதனால் கலவையில் சேர்ப்பார்கள். ஒருமுறை விதை விழுந்தால் வருடக்கணக்கில் போகாது.

பூச்சுப் போட்ட குளோவர் விதையில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பூச்சு. அதையும் கணக்கில் எடுங்கள். நான் கலவை வாங்குவதை நிறுத்திவிட்டு, விவசாயக் கூட்டுறவுக் கடையில் தனித்தனியாக வாங்குகிறேன்.

---

ஏரிக்கரை | ஜூலை 2

பூச்சு இல்லாத குளோவர் வாங்கினால் ரைசோபியம், அதாவது அந்த வேர் முடிச்சு பாக்டீரியாப் பொடி, தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். குளோவருக்கு உள்ளது வேறு, பட்டாணிக்கு உள்ளது வேறு, மாற்றிப் போட்டால் வேர் முடிச்சு வராது. காலாவதித் தேதி பார்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

விதையில் ஒட்ட வைக்க இங்கே சர்க்கரைத் தண்ணீர் சொல்வார்கள். நான் ஊரில் உளுந்துக்குச் செய்கிற மாதிரியே ஆறிய அரிசிக் கஞ்சியில் விதைநேர்த்தி செய்கிறேன். விதை நனையும் அளவுக்கு மட்டும் கஞ்சி, பொடியைத் தூவிப் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். அருமையாக ஒட்டுகிறது.

---

ஓசார்க் வாசி | ஆகஸ்ட் 24

நிலவரம் சொல்கிறேன். சுண்ணாம்பு ஜூலை முதல் வாரமே போட்டாயிற்று (பைதான், 50 பை, மனைவியும் மகளும் கூட நின்றார்கள்). ஜூலை 20-இல் நடுவிலிருந்து வெட்டினேன், ஒரு வான்கோழி ஒன்பது குஞ்சுகளோடு ஓரத்துப் புதருக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் 5, 20 இரண்டு முறை மருந்து. ஃபெஸ்க்யூ வைக்கோல் நிறமாகிவிட்டது.

வாங்கி வைத்தது: ரை 30 பவுண்டு, ஓட்ஸ் 25, கிரிம்சன் குளோவர் 5, தீவன முள்ளங்கி 1. கோதுமை வேண்டாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து நிலத்தில் கோதுமை விவசாயி இருக்கிறார், ஹெஸ்ஸியன் ஈக்குப் பயந்து அவர் அக்டோபருக்கு முன் விதைப்பதில்லை. நான் ஆகஸ்டில் கோதுமை போட்டு அந்த ஈக்கு வீடு கட்டிக் கொடுக்க விரும்பவில்லை.

பிரச்சினை: மண் தூளாகக் கிடக்கிறது. பத்து நாளுக்கு மழை அறிகுறி இல்லை. இந்தச் சனிக்கிழமைதான் எனக்கு லீவு.

---

செம்மண் | ஆகஸ்ட் 24

சனிக்கிழமைக்காக விதைக்காதீர்கள் தம்பி. போன வருடம் செய்த தவறே அதுதான்.

முழுக்கக் காய்ந்த மண்ணில் விதை பல நாள் அப்படியே கிடக்கும், கெடாது. ஆபத்து அரை மழையில் இருக்கிறது. கால் அங்குலம் பெய்து விதையை எழுப்பிவிட்டு, பத்து நாள் காய்ந்தால் முளை அத்தனையும் சாகும். வியாழக்கிழமைதோறும் வரும் வறட்சி வரைபடத்தைப் பாருங்கள், வானிலையில் அரை அங்குலத்துக்கு மேல் உறுதியான மழை தெரியும் வரை காத்திருங்கள். உங்களுக்கு செப்டம்பர் முதல் வாரம் வரை இடம் இருக்கிறது. அதற்கும் மேலே போனால் முள்ளங்கியை விட்டுவிட்டு ரையைக் கூட்டிக்கொள்ளலாம்.

மழைக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போடுங்கள். கொட்டோ கொட்டென்று இரண்டு அங்குலம் வரும் என்றால் அதற்கு முன் வேண்டாம், சரிவில் குளோவர் விதை எல்லாம் கீழ் மூலையில் போய்ச் சேரும்.

---

ஓசார்க் வாசி | செப்டம்பர் 6

செப்டம்பர் 4, வேலைநாள், மதியம் விதைத்தேன். இரண்டு அங்குலம் உழவு, பரம்பு, ரையும் ஓட்ஸும், உருளைக்குப் பதில் டயர், அதன்மேல் கஞ்சியில் நேர்த்தி செய்த குளோவரும் முள்ளங்கியும், திரும்ப டயர். அன்று இரவே முக்கால் அங்குலம் மழை. நேற்றுத் தூறல். மகள் தினமும் குனிந்து பார்க்கிறாள்.

---

கௌதாரி | செப்டம்பர் 7

மகிழ்ச்சி. ஒரு கம்பிக் கூண்டு வையுங்கள், நாலடி அகலம் போதும், திடலின் நடுவில். மான் எவ்வளவு தின்றது என்று கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்தால்தான் தெரியும். பயிர் வரவில்லையா, வந்ததைத் தின்றுவிட்டதா என்று தெரியாமல் பலர் அடுத்த வருடம் விதையை மாற்றுகிறார்கள்.

---

ஓசார்க் வாசி | நவம்பர் 23

கூண்டுக்குள் ரை 11 அங்குலம், வெளியே 3 அங்குலம். அக்டோபர் முழுக்க வெள்ளை ஓக் கொட்டை கொட்டியது, மான்கள் திடல் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. நவம்பர் முதல் வாரம் கொட்டை தீர்ந்ததும் மாலையில் ஆறு, ஏழு என்று வர ஆரம்பித்தன. ஓட்ஸைத்தான் முதலில் தின்றன. கடும் உறைபனி இரண்டு முறை விழுந்த பிறகு முள்ளங்கி இலையையும் கடிக்கத் தொடங்கிவிட்டன. கிரிம்சன் குளோவர் தரையோடு தரையாகப் பச்சையாக இருக்கிறது, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு.

ஓட்ஸ் குளிரில் செத்துவிடும் என்று தெரியும். அந்த இடைவெளியில் லடினோவை எப்போது போடலாம்?

---

செம்மண் | நவம்பர் 23

இளஞ்சிவப்பு என்றால் பாக்டீரியா வேலை செய்கிறது. நல்ல சேதி தம்பி.

லடினோவை பிப்ரவரியில் தூவுங்கள். இரவில் உறைந்து பகலில் இளகும்போது மண் வெடிப்பு விட்டு மூடும், விதை தானாக உள்ளே இறங்கும். உழவு வேண்டாம். அரை ஏக்கருக்கு மூன்று பவுண்டு போதும். அதிகாலையில், தரை இறுகி இருக்கும்போது நடந்துகொண்டே தூவுங்கள், பனி மூடியிருந்தால் சரிவில் தூவ வேண்டாம். ஏப்ரலில் ரை உயர்ந்து குளோவருக்கு நிழல் கட்டினால், கதிர் வருவதற்கு முன் எட்டு அங்குலத்தில் ஒரு வெட்டு. மே பிறந்துவிட்டால் வெட்டாதீர்கள், வான்கோழி அடையில் இருக்கும்.

அதற்கு முன், ஜனவரியில் மண் இளகியிருக்கும் ஒரு நாள் பார்த்து மறுபடி மண் எடுத்துக் கொடுங்கள். எண்ணை இங்கே போடுங்கள், சுண்ணாம்பு இன்னும் எத்தனை பை என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.